சுவரைக் கெடுத்தவன் செலவைக் கட்டட்டும்!

2023 ஜூன் மாதம் ரோம் நகரின் கொலோசியம் அரங்கத்தில் ஒரு சுற்றுலாப் பயணி, தன் பெயரையும் தன் காதலியின் பெயரையும் சாவியால் சுவரில் செதுக்கினார். இன்னொரு பயணி அதைப் படம் பிடித்து வெளியிட, ஊரே காறித் துப்பியது. பிடிபட்டவர் எழுதிய மன்னிப்புக் கடிதத்தில் சொன்ன காரணம்தான் வேடிக்கை. அந்தக் கட்டடம் அவ்வளவு பழமையானது என்று அவருக்குத் தெரியாதாம்! கி.பி. 80-ல் திறக்கப்பட்ட அரங்கம் அது. வயது தெரியாமல் அங்கே எதைப் பார்க்கப் போனார்?

இத்தாலிக்காரர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2014-ல் அதே சுவரில் ஒரே ஒரு எழுத்தைச் செதுக்கிய ரஷ்யப் பயணிக்கு 20,000 யூரோ அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத் தண்டனையும் கிடைத்தன. 2024 ஜனவரியில் புதிய சட்டமும் வந்தது. சாயம் ஊற்றிப் போராடியவர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த சட்டம்தான் அது. என்றாலும் கிறுக்குபவர்களுக்கும் பொருந்தும். அசிங்கப்படுத்தினால் 10,000 முதல் 40,000 யூரோ வரை, சேதப்படுத்தினால் 20,000 முதல் 60,000 யூரோ வரை அபராதம். குற்ற வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் நிர்வாகமே விதிக்கலாம். வசூலாகும் பணம் சின்னங்களைச் சீரமைக்கவே போகிறது.

நம் நாட்டில் என்ன நிலை? 1958-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்று இருந்தது. 2010-ல் அதை இரண்டு ஆண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை என்று உயர்த்தினார்கள். நீலப் பலகையில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே ஆணியால் இதயம் வரைந்து அம்பு விட்டிருக்கிறான் ஒருவன்! காவலாளிக்குத் திட்டுவதைத் தவிர வேறு அதிகாரம் இல்லை. போலீசில் புகார், பிறகு நீதிமன்றம் என்று போக வேண்டும். 19 வயதுப் பையனை ஒரு கிறுக்கலுக்காக இரண்டு ஆண்டு உள்ளே தள்ள எந்த அதிகாரிக்கு மனம் வரும்? வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சிக்கல். வளைகுடா வேலைக் கனவு போயிற்று. தண்டனை பெரிதாக இருப்பதாலேயே அது தூங்குகிறது. யாரும் பயப்படுவதில்லை.

இளைஞர்களே, இங்கே நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. முஹம்மது ஆதில்ஷாவின் அடக்கத்தலமான பீஜப்பூர் கோல்கும்பஸ் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்றால் நமக்குக் கோபம் வருகிறது. வரட்டும். ஆனால் அதன் மாடத்துக்குப் போகிறவர்கள் சுவரில் விட்டுவரும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். எல்லாச் சமுதாயத்தின் பெயரும் இருக்கும். விடுமுறைக்கு வேன் பிடித்துப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் இருக்கும்!

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு கோயில் மண்டபத் தூணில் நம் பையனின் பெயர் இருந்தால், அல்லது ஒரு பழைய பள்ளிவாசல் சுவரில் அடுத்த வீட்டுப் பையனின் பெயர் இருந்தால், அதை ஊர்க் கலவரமாக்க ஆள் காத்திருக்கிறது. எனவேதான் சொல்கிறோம்: தண்டனை பெயரைப் பார்த்து வரக் கூடாது, செயலைப் பார்த்து வர வேண்டும். எம்.எல்.ஏ. மகனுக்கும் பீடி சுற்றுபவர் மகனுக்கும் ஒரே ரசீது.

வியாபாரிகளுக்கு இது புரியும். கடைக் கண்ணாடியில் ஒருவன் கீறிவிட்டால் அவனை ஜெயிலுக்கு அனுப்பவா பார்ப்போம்? கண்ணாடியின் விலையைக் கேட்போம். அதே கணக்குத்தான். தொல்லியல் துறை அதிகாரிக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கும் அதிகாரம் கொடுங்கள். கூடவே சீரமைப்புச் செலவையும் வசூலியுங்கள். கட்ட வசதியில்லாத மாணவன் பத்து ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து குப்பை கூட்டட்டும், பார்வையாளர் வரிசையை ஒழுங்குபடுத்தட்டும். கிறுக்கியதை அவனையே அழிக்கச் சொல்லிவிடாதீர்கள்! உப்புத்தாளைக் கொடுத்தால் மிச்சமிருக்கும் காரையும் போய்விடும். அது கைதேர்ந்தவர்களின் வேலை. சிறை, வேண்டுமென்றே உடைப்பவனுக்கும் இரண்டாம் முறை பிடிபடுபவனுக்கும் இருக்கட்டும்.

இதற்குச் சட்டத்தில் ஒரு சிறு திருத்தம் போதும். நம் பகுதி எம்.பி.க்கள் அடுத்த கூட்டத்தொடரில் இதை எழுப்பட்டும்.