முதுமையும் புதுக் கருவியும்

முதியோருக்குப் புதியது ஏறாது என்னும் எண்ணம் எங்கும் வேரூன்றிக் கிடக்கின்றது. கணினியின் முன் தடுமாறும் பெரியவரைக் கண்டதும், "வயது போய்விட்டது" என ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். இத்தீர்ப்பு நேர்மையானதுதானா என்பதை ஆராய்வதிலே தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் உளவியற் பேராசிரியர் நீல் சார்னெஸ்.

அவரது ஆராய்ச்சி சதுரங்கப் பலகையிலே தொடங்கிற்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில், 1981இல் அவர் வெளியிட்ட முடிவுகள் சிந்தனைக்குரியன. ஆட்டத்திறன் ஒத்த இளையோரையும் முதியோரையும் ஒப்பிட்டபோது, காய்களின் நிலைகளை நினைவுகூர்வதில் முதியோர் பின்தங்கினர். ஆயினும், நல்ல நகர்வைத் தேர்வதில் அவர்கள் குறைந்தாரல்லர். நினைவின் தேய்வைப் பயின்று பெற்ற அறிவு ஈடுசெய்தது.

1994இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1999 முதல், மயாமி, ஜோர்ஜியா தொழில்நுட்பப் பல்கலைக்கழக அறிஞருடன் 'கிரியேட்' என்னும் ஆராய்ச்சிக் கூட்டமைப்பில் இணைந்து பணியாற்றினார். இக்குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 1,204 பேர் பங்குகொண்டனர். ஒருவர் புதுக் கருவிகளைக் கையாள்வதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. கணினி பற்றிய அச்சமும், தம்மால் இயலும் என்ற நம்பிக்கையும் அதில் பங்குகொள்கின்றன என அது காட்டிற்று.

பார்வை மங்குதலையும், கற்கும் வேகம் தளர்தலையும் சார்னெஸ் மறுத்தாரல்லர். அவற்றை அறிந்தே கருவிகளை அமைத்தல் வேண்டும் என்றார். 2004இல் அறிஞர் ஐவர் சேர்ந்து வெளியிட்ட 'முதியோருக்காக வடிவமைத்தல்' என்னும் நூலின் ஆசிரியருள் அவரும் ஒருவர். சிறிய எழுத்தும், மங்கிய நிறமும், குழப்பமான படிமுறையும் கருவியை ஆக்கியோரின் குறைகளேயன்றி, முதியோரின் குறைகள் அல்ல.

வங்கி முதல் மருத்துவமனை வரை அலுவல்கள் கைத்தொலைபேசிக்குள் புகுந்துவரும் இந்நாளில், இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. கருவி கைவராத முதியவர், தம் சொந்தப் பணத்தைப் பார்ப்பதற்கும் பிறர் கையை எதிர்நோக்க நேரிடுகின்றது. அங்கே இழக்கப்படுவது வசதி மட்டுமன்று, தன்மானமுமாம்.

இன்றைய இளைஞர் முதுமையடையுங்கால் இச்சிக்கல் தானே ஒழிந்துவிடும் என்பாரும் உளர். அன்றைய கருவிகள் வேறாக இருக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஆசிரியர்கள் மாணவர்க்குக் கருவியைக் கற்பிப்பதோடு, அதனைப் பெரியோருக்குப் பொறுமையுடன் கற்பிக்கும் பண்பையும் ஊட்டுவார்களாக. "கொடுங்கள், நான் செய்து தருகிறேன்" என்று பறித்துக்கொள்வது உதவியன்று. அருகிருந்து அவர் விரலாலேயே செய்விப்பதுதான் உதவி.