பிணம் பொய் சொல்லாதா?

வரலாற்றுத் துப்பறியும் நாவல்களுக்குப் பிடித்தமான ஒரு நம்பிக்கை உண்டு: உயிரோடிருப்பவர்கள் பொய் சொல்வார்கள், பிணம் சொல்லாது. அரியானா ஃப்ராங்க்ளினின் ‘மிஸ்ட்ரஸ் ஆஃப் தி ஆர்ட் ஆஃப் டெத்’ (2007) நாவலில் வரும் அடேலியா அந்த நம்பிக்கையின் நாயகி. சலெர்னோவில் மருத்துவம் கற்றவள். 12-ஆம் நூற்றாண்டுக் கேம்பிரிட்ஜில் கொல்லப்பட்ட குழந்தைகளின் உடல்களை ஆராய்கிறாள். பெண் மருத்துவர் என்று தெரிந்தால் சூனியக்காரி என்பார்கள். அதனால் உடன்வந்த மன்சூரை மருத்துவராகக் காட்டிவிட்டு, தான் உதவியாளாக நிற்கிறாள்.

நானும் அவளுக்காகக் கைதட்டியவள்தான். ஆனாலும் இந்த வகை நாவல்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இவற்றில் விஞ்ஞானம் எப்போதும் நிரபராதி. அவள் கையைத் தடுக்கும் ஆண்கள் மட்டுமே குற்றவாளிகள். கத்தியை அவளிடம் கொடுத்துவிட்டால் நீதி கிடைத்துவிடும். வரலாறு அப்படி இல்லை.

இங்கிலாந்தின் 1624-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். மணமாகாதவள் தான் பெற்ற குழந்தையின் சாவை மறைத்தால் அவளே கொலையாளி. குழந்தை செத்தே பிறந்தது என்று ஒரு சாட்சியையாவது வைத்து அவள்தான் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கு. வாயைப் பொத்திக்கொண்டு தனியே பெற்றவளுக்குச் சாட்சி யார்? சிக்கியவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரப் பெண்கள். கர்ப்பத்துக்குக் காரணமானவன்மீது இந்தச் சட்டம் கைவைக்கவில்லை.

பிறகு மருத்துவம் வந்தது, தண்ணீர்ப் பாத்திரத்தோடு. குழந்தையின் நுரையீரலை அதில் போடுவார்கள். மிதந்தால் குழந்தை மூச்சுவிட்டிருக்கிறது. மூழ்கினால் செத்துப் பிறந்தது. 1681-இல் ஜெர்மனியில் யோஹானஸ் ஷ்ரையர் செய்த சோதனையில் நுரையீரல் மூழ்கியது. குற்றம் சாட்டப்பட்ட பெண்ணுக்கு அது சாதகமானது. மிதந்திருந்தால்? உடல் அழுகத் தொடங்கினாலும் நுரையீரல் மிதக்கும். பிள்ளையைப் பிழைக்கவைக்கத் தாய் வாயோடு வாய் வைத்து ஊதியிருந்தாலும் மிதக்கும். அவளுடைய கடைசி முயற்சியே அவளுக்கு எதிரான தடயம். இந்தச் சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்வதன் ஆபத்தை வில்லியம் ஹன்டர் 1783-இல் எடுத்துக்காட்டினார். சட்டம் நீங்கியதோ 1803-இல்.

இது பழங்கதை இல்லை. பெண்ணின் சொல்லை நம்பாதே, அவள் உடலைச் சோதி என்ற அதே பாடம்தான் நம் நாட்டில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள்மீது இருவிரல் சோதனையாக நடந்தது. அது பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2022-இல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

பிணம் பொய் சொல்வதில்லை, மெய்யும் சொல்வதில்லை. அதன் பெயரில் யாரோ பேசுகிறார்கள். எந்தக் கேள்வியோடு உடலைத் திறக்கிறார்களோ, அந்தக் கேள்விக்கான பதில்தான் வெளியே வரும்.

நாவல் எழுதுகிறவர்களே, கத்தி பிடித்த நாயகிகள் இருக்கட்டும். தண்ணீர்ப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த வேலைக்காரப் பெண்ணைக் கதையின் நடுவில் வையுங்கள். அவள் உயிரோடுதான் இருக்கிறாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளை ஏன் யாரும் கேட்கவில்லை? துப்பறிய வேண்டிய மர்மம் அதுதான்.