பருப்பின் மேல் போடும் பழி

"பருப்பு வாயுப்பா. மூட்டுல போய் உக்காந்துக்கும்." திருப்பதி மலைக்கு அலிபிரியில் படியேறும் முன் டிபனுக்கு உட்கார்ந்த இடத்தில், எங்கள் உறவுக்காரப் பெரியவர் சாம்பாரையும் பொங்கலையும் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கேட்டு வாங்கிய இட்லியில் உளுந்து. தொட்டுக்கொண்ட பொடியில் கடலைப்பருப்பு. அவற்றுக்கு மட்டும் மூட்டுக்குப் போக வழி தெரியாதா?

வாயு உண்டாவது பெருங்குடலில். பருப்பிலுள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி நமக்கில்லை. குடல் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. வயிறு உப்பும், பிறகு வாயு வெளியேறும், அவ்வளவுதான். முழங்காலுக்குப் போக அதற்குக் குழாய் எதுவும் கிடையாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழைய வேகவைத்தால் அந்த உப்புசமும் குறையும்.

சித்தூர்ப் பக்கத்து வீடுகளைப் பாருங்கள். ராகி சங்கட்டிக்குப் பப்பு (நம் பருப்புதான்), சோற்றுக்குப் பப்பு, கீரை கிடைத்தால் ஆகுகூர பப்பு, கொள்ளு இருந்தால் உலவசாறு. அந்தப் பப்பைத் தின்று வளர்ந்த கிழவிகள்தான் 3,550 படிகளிலும் குனிந்து குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிறார்கள். முழங்கால் முடிச்சு என்ற செங்குத்தான ஏற்றத்தில் மண்டியிட்டே ஏறுகிறவர்களும் உண்டு. வாயு மூட்டில் உட்காருமென்றால் முதலில் முடங்கவேண்டியவர்கள் அவர்கள்தானே? பப்பு தின்றவர்கள் மேலே போய்விட்டார்கள். பருப்பை ஒதுக்கிய எங்கள் பெரியவர் காலி கோபுரத்துக்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்.

அரிசியில் லைசின் குறைவு. பருப்பு அதை ஈடுகட்டுகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன அளவு நாளுக்கு 85 கிராம். ஆனால் நம் ஓட்டல் சாம்பாரில் பரங்கிக்காயும் மாவுக் கரைசலும்தான் மிதக்கின்றன. தமிழ்நாட்டு ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு கிடைக்கிறது. அதை வாயு என்று ஒதுக்கிவிட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து புரோட்டீன் பவுடர் டப்பா வாங்குகிறார்கள். அந்த டப்பாக்களில் எத்தனையிலோ இருப்பது பட்டாணிப் புரதம்! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவு சொல்வார். அது வேறு விஷயம்.

இதில் எனக்குப் பொறுக்கவே முடியாதது பிள்ளை பெற்றவளுக்கு நடப்பது. "தாய் பருப்பு தின்னா பிள்ளைக்கு வாயு" என்று மிளகு ரசமும் சுட்ட அப்பளமுமாக அவளை நாள்கணக்கில் காயப்போடுகிறார்கள். பால் கொடுக்கிறவளுக்குத்தான் புரதம் கூடுதலாகத் தேவை. ஆண்கள் இலையில் அன்றைக்கும் பருப்பும் நெய்யும் விழாமலில்லை.

உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால், இன்றைக்கே பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். யார் தடுத்தாலும் கேட்காதீர்கள்.