தராசு சோறு போடுமா?

குழந்தைகளின் வளர்ச்சியைக் கண்காணிக்கிறோம் என்று டில்லி சர்க்கார் தம்பட்டம் அடிக்கிறது. கண்காணிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் கண்ட பிறகு செய்தது என்ன?

2016-18ல் மத்திய சர்க்காரே நடத்திய ஊட்டச்சத்து சர்வே, 5 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளை அளந்தது. நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. 23 பேர் மெலிந்து கிடந்தார்கள். 24 பேருக்கு இரத்த சோகை. இது கம்யூனிஸ்டுகள் கட்டிவிட்ட கதையல்ல. சர்க்காரின் சொந்தக் கணக்கு!

நோய் தெரிந்தது. மருந்து எங்கே?

2025 மே முதல் தேதியிலிருந்து ஆரம்பப் பள்ளிக் குழந்தையின் மதிய உணவுக்கு மத்திய திட்டம் நிர்ணயித்த தொகை 6 ரூபாய் 78 காசு. அரிசி தனி. பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, அடுப்பெரிக்கும் செலவு எல்லாம் இதற்குள். இதிலும் டில்லியின் பங்கு பெரும்பாலான மாநிலங்களில் நூற்றுக்கு 60 தான். இந்தக் காசில் 20 கிராம் பருப்பும் 50 கிராம் காய்கறியும் போட்டு, 12 கிராம் புரதம் கொடுக்க வேண்டுமாம்! விதியை எழுதிய கனவான்கள் ஒரு நாளாவது மளிகைக் கடைப் படியேறியதுண்டா?

தமிழ்நாட்டுப் பிள்ளையின் தட்டில் விழும் முட்டையும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் மாநிலத்தின் பணத்தில் வந்தவை. சமைத்துப் போடும் தாய்மாருக்கு மத்திய திட்டம் 2009ல் நிர்ணயித்த மாதம் 1,000 ரூபாய், 2025லும் அதே 1,000 ரூபாய்தான்!

கேட்டால் கஜானா காலி என்பார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை நூற்றுக்கு 30லிருந்து 22 ஆகக் குறைத்தபோது கஜானா காலியாக இல்லையா? ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அன்று சொன்னதும் இதே சர்க்கார்தான். 2025-26 பட்ஜெட்டில் பள்ளி மதிய உணவுக்கு ஒதுக்கியதோ 12,500 கோடி. முதலாளியின் பையில் போட்டதில் பதினொன்றில் ஒரு பங்குகூடக் குழந்தையின் வயிற்றுக்கு இல்லை!

நிலைமை அம்பலமானால் தராசின் மேல் பழி. 2023ல் உலகப் பசிப் பட்டியலில் 125 நாடுகளில் இந்தியா 111வது இடம் என்றதும், பட்டியலே தவறு, எங்கள் கைபேசிக் கணக்கில் மெலிந்த குழந்தைகள் நூற்றுக்கு 7 பேர்தான் என்றார்கள். அவர்களுடைய சொந்த 2019-21 குடும்ப நல சர்வேயோ, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 19 பேர் என்கிறது. கணக்கு இளைத்தால் குழந்தை கொழுத்துவிடுமா?

தோழர்களே! பெற்றோர்களே! அளப்பதை நாம் எதிர்க்கவில்லை. அளந்ததை மறைப்பதைத்தான் எதிர்க்கிறோம். ஒவ்வொரு பள்ளியிலும் எடுத்த எடையையும் உயரத்தையும் பெற்றோர் கூட்டத்தில் அறிவிக்கச் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகள் பின்தங்கியுள்ளனர், அவர்களுக்கு என்ன கூடுதல் உணவு என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தினம் ஒரு முட்டைக்கு மத்திய சர்க்கார் பணம் கொடு, சமையல் ஊழியருக்கு வாழத்தக்க ஊதியம் கொடு என்று தீர்மானம் போடுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அட்டையில் ஏறிய எடை போதாது; குழந்தையின் உடம்பில் ஏற வேண்டும். அதுவரை விடக் கூடாது!