ஆயாவோட காலெரிச்சலும் ஒரு சென்சாரும்

லீவுல மங்கலம்பேட்டை போனா, ராத்திரி எங்க ஆயா தூங்காம காலைத் தேச்சுக்கிட்டே உக்காந்திருப்பாங்க. பதினஞ்சு வருஷமா சுகர். "மிளகா அரைச்ச கை மாதிரி எரியுதுடா"ம்பாங்க. வீட்டுல எல்லாரும், நானும் சேர்த்து, "வயசானா அப்படித்தான்"னு சொல்லிட்டுப் படுத்துடுவோம்.

நாலு வருஷமா சென்சார் படிக்கிறேன். ஆயா சொன்ன உவமை எவ்வளவு சரின்னு இந்த செமஸ்டர்லதான் புரிஞ்சது. வலி நரம்போட நுனியில டிஆர்பிவி1னு ஒரு புரதக் கதவு இருக்கு. சுமார் 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா திறக்கும். கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும். 'சுடுது'ன்னு மூளைக்கு சிக்னல் போகும். மிளகாயில இருக்கிற கேப்சைசினும் இதே கதவைத்தான் திறக்குது. 1997ல் இதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு, ஆர்டெம் படாபூடியனோட சேர்த்து, 2021ல் நோபல் பரிசு கிடைச்சது.

நம்ம எஞ்சினியர் புத்தி என்ன சொல்லும்? அலாரம் தொல்லை பண்ணுதா, ஒயரைப் பிடுங்கு! மருந்து கம்பெனிகளும் இந்தக் கதவைப் பூட்டிப் பார்த்தாங்க. சிலருக்கு உடம்புச் சூடு ஏறிடுச்சு. சுடுற பொருள் சுடுதுன்னே தெரியாம போற ஆபத்தும் வந்தது. இன்னொரு வழி, 8 சதவீத கேப்சைசின் ஒட்டு. கதவை அளவுக்கு மீறித் திறந்து கால்சியத்தை நிரப்பினா, அந்த நரம்பு நுனியே கொஞ்ச காலம் ஓய்ஞ்சுடும். சர்க்கரை நோயாளிகளோட பாத வலிக்கு அமெரிக்காவில 2020ல் இதுக்கு அனுமதி கிடைச்சது.

ஆனா என் கருத்து மருந்தைப் பத்தி இல்ல. "வயசானா அப்படித்தான்"ங்கறதும் ஒயரைப் பிடுங்குற வேலைதான். சுகர் நரம்பைக் கெடுக்கும். எரியுற காலிலேயே தொடுஉணர்ச்சி குறைஞ்சும் இருக்கலாம். அப்புறம் முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆனாலும் தெரியாது.

இதைத் தமிழ்ல ஆயாகிட்ட சொல்ல, இங்கிலீஷ் மீடியம் எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. கேட்டுட்டு, "அப்ப எரியறது நல்லதுங்கிறியா?"ன்னாங்க.

"இல்ல ஆயா, கம்பி பழுதாகுதுன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட காட்டணும்."

மறுநாளே போனோம். இப்போ சுகரைக் கட்டுப்பாட்டுல வைக்கப் பார்க்கிறோம். தினமும் சாயங்காலம் யாராவது ஒருத்தர் அவங்க உள்ளங்காலைப் பார்க்கிறோம். அடுத்த லீவுல நீங்களும் உங்க வீட்டுப் பெரியவங்க காலை ஒரு தடவை பாருங்க. நாம படிச்சதை வீட்டுத் தமிழ்ல சொல்லத் தெரியலைன்னா, அது இன்னும் அரைப் படிப்புதான்.