காலாவதி என்றொரு பொய்

"அதெல்லாம் காலாவதியாயிப் போச்சுண்ணே. தூக்கிப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க."

மதுரையில், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கிடைத்த பதில் இது. என் கையில் பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே 22 ஃப்ளாப்பிகள்.

உசிலம்பட்டிப் பக்கத்துத் தமிழாசிரியர் ஒருவர் தொண்ணூறுகளின் கடைசியில் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிய ஒப்பாரிகளும் தாலாட்டுகளும் அவற்றில் இருந்தன. டி.டி.பி. சென்டரில் சொந்தக் காசு கொடுத்து டைப் பண்ணி வைத்திருந்தார். புத்தகம் போட வசதி வரவில்லை. கையெழுத்து நோட்டுகளைக் கரையான் தின்றது. பாடிய கிழவிகள் போனார்கள், பிறகு ஆசிரியரும் போனார். மிச்சம் இந்த டப்பாதான். "நீங்க கம்ப்யூட்டர் எஞ்சினியர்தான தம்பி, பாத்துச் சொல்லுங்க" என்று அவர் மகள் கொடுத்தார்.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அது வியாபாரமில்லாத வேலை. என் சண்டை 'காலாவதி' என்ற சொல்லோடு. மாத்திரை காலாவதியாகும், பால் பாக்கெட் காலாவதியாகும். அதற்குள் இருக்கும் சரக்கே கெட்டுப்போகிறது. புருசனைப் பறிகொடுத்தவள் பாடிய ஒப்பாரியில் என்ன கெட்டது? அதைப் படிக்க நாம் ஆள் வைக்கவில்லை. நம் அலட்சியத்தைப் பொருளின் தலையில் கட்டுவதற்கு நாகரிகமான பெயர்தான் காலாவதி.

'டிரைவே கிடைக்காதே' என்பீர்கள். கிடைக்கும். 3.5 அங்குல ஃப்ளாப்பிக்கு யூ.எஸ்.பி. டிரைவ் இன்றைக்கும் ஆன்லைனில் விற்கிறது. லேப்டாப்பில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். சோனி நிறுவனம் ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்தியதே 2011இல்தான். ஏதோ சங்ககாலத்துச் சமாச்சாரம் இல்லை. பழைய ஐ.டி.இ. ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் சுலபம், யூ.எஸ்.பி. அடாப்டர் ஒன்று போதும். 5.25 அங்குலப் பெரிய ஃப்ளாப்பிதான் பாடாய்ப் படுத்தும். பழைய டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்கும் கணினிக்கும் நடுவில் கிரீஸ்வீசில் மாதிரி ஒரு சின்ன சர்க்யூட் போர்டை வைக்க வேண்டும். அது ஃபைலைத் தேடாது. தகட்டில் காந்தத் திசை எங்கெங்கே மாறுகிறது என்பதை மட்டும் பதிவுசெய்து தரும். மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கஷ்டம்தான், ஆனால் முடியும்.

இதைச் சொன்னால் இன்னொரு கூட்டம் வரும். "யூ.எஸ்.பி. டிரைவ் ஒண்ணு வாங்குங்க ப்ரோ, மேட்டர் ஓவர்." மேட்டர் ஓவர் ஆகாது ப்ரோ. அந்த டிரைவ் பழைய பெட்டிக்கு ஒட்டிய புது வால், அவ்வளவுதான். வழக்கமான 720 கே.பி., 1.44 எம்.பி. அமைப்பில் இருந்தால் படிக்கும். தகட்டில் பூஞ்சை இருந்தால் அதைத் தலையில் பூசிக்கொண்டு அடுத்த ஃப்ளாப்பியையும் கீறும். படிக்க முடியாதபோது விண்டோஸ் வெகு மரியாதையாக, 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று தட்டினால் கிழவியின் பாட்டுக்கு இரண்டாவது சாவு. அதனால்தான் முதலில் மூலையில் உள்ள சின்ன அடைப்பானைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிட வேண்டும். அப்புறம் அதில் எதையும் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும்.

ஒவ்வொன்றையும் முழுதாகப் பிரதி எடுத்தேன். 15 ஃப்ளாப்பிகள் ஒரே தடவையில் வந்தன. நான்கு மல்லுக்கட்டி வந்தன. மூன்று வரவில்லை.

வந்த ஃபைலைத் திறந்தால் அங்கே தமிழ் இல்லை. 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அன்றைய டி.டி.பி. எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழ் எழுத்தை உட்காரவைத்தவை. யார் எந்த நாற்காலியில் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றிவிடலாம். தெரியாவிட்டால் விடுகதைதான். ஆசிரியர் ஒவ்வொரு லேபிளிலும் பால்பாயிண்ட் பேனாவால் 'பாமினி' என்று எழுதியிருந்தார். 700 ரூபாயோ 1000 ரூபாயோ கொடுத்து நான் வாங்கிய எந்தக் கருவியையும்விட, அந்த ஒரு சொல்தான் அந்தப் பாட்டுகளைக் காப்பாற்றியது.

ஓலைச்சுவடி என்றால் நமக்கு மெய்சிலிர்க்கும். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்ததை மேடைதோறும் சொல்வோம். ஆனால் அந்த ஓலை அவர் கைக்கு எப்படி வந்தது? தானாக வாழ்ந்து வரவில்லை. பழைய ஏடு செல்லரிக்கும் முன் யாரோ உட்கார்ந்து புது ஏட்டில் படியெடுத்தார்கள். அடுத்த தலைமுறையில் இன்னொருவர். பெயர் தெரியாத அந்தப் படியெடுத்தவர்கள்தான் தமிழின் ஆயுள். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரமும் நண்பர்களும் தொடங்கிய மதுரைத் திட்டத்தையே பாருங்கள். டிஸ்கியில் இருந்த நூல்களை யூனிகோடுக்கு மாற்றிக் கொண்டுவந்தார்கள். அதனால் இன்று போனில் படிக்கிறோம். மாற்றாமல் விட்டிருந்தால் அதுவும் 'காலாவதி'.

2019இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் பழைய ஃப்ளாப்பி டிரைவரை 'அநாதை' என்று குறித்தார். பார்த்துக்கொண்டிருந்தவரிடம் வேலை செய்யும் டிரைவ் இல்லை என்பதுதான் காரணம். பிறகு இன்னொருவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். அநாதை என்பது சரியான சொல். அநாதையை எடுத்து வளர்க்கலாம். காலாவதியானதைக் குப்பையில்தான் போட முடியும். எந்தச் சொல்லைச் சொல்கிறோமோ அதன்படிதான் நம் கை நீளும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியுமா என்று கேட்கலாம். முடியாது, வேண்டியதும் இல்லை. டி.டி.பி. சென்டர் ஃப்ளாப்பிகளில் பாதி கல்யாணப் பத்திரிகையும் பூப்புனித நீராட்டு விழாவும்தான். ஆனால் படித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடுவது வேறு, படிக்காமலே போடுவது வேறு. புது நத்தம் சாலையில் 2023இல் திறந்தார்களே கலைஞர் நூற்றாண்டு நூலகம், அந்த மாதிரி இடங்களில் ஒரு மேசை கேட்கிறேன். ஒரு யூ.எஸ்.பி. டிரைவ், ஒரு 5.25 டிரைவ், ஒரு அடாப்டர், பழைய எழுத்துருக்கள் தெரிந்த ஒரு ஆள். டப்பாவோடு யார் வந்தாலும் உட்கார்ந்து பார்க்கட்டும். தொண்ணூறுகளில் டி.டி.பி. கடை வைத்திருந்த அண்ணன்களும் அக்காக்களும் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கடையில் எந்த எழுத்துரு ஓடியது என்பது அவர்கள் தலைக்குள் இருக்கிறது. அதற்கு யூ.எஸ்.பி. டிரைவ் வராது.

மூன்று ஃப்ளாப்பிகளை நான் தூக்கிப் போடவில்லை. அவற்றில் ஒன்றின் லேபிளில் 'தாலாட்டு, இரண்டாம் பகுதி, பாமினி' என்று இருக்கிறது. வேறொரு டிரைவில் மறுபடி பார்க்க வேண்டும்.

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்வீர்கள். பிஸ்கட் டப்பா ஏதாவது கையில் தட்டுப்பட்டால், குப்பை வண்டிக்குக் கொடுக்கும் முன் லேபிளை ஒருதடவை படித்துவிடுங்கள்.