கரைத்த புளியைப் பிரிக்க முடியுமா?

சாம்பாரை இறக்கி வைத்தாகிவிட்டது. மாமியார் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, "புளி கொஞ்சம் தூக்கல், அதை மட்டும் எடுத்துவிடேன்" என்கிறார். என்ன செய்வீர்கள்? மனத்துக்குள் சிரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள், இல்லையா?

சங்கீதத்தில் இந்த வித்தையைச் செய்தே காட்டிவிட்டார்கள், நேயர்களே!

லிவர்பூல் நகரத்து 'பீட்டில்ஸ்' நால்வரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1970-ல் பிரிந்தார்கள். ஜான் லெனன் 1980-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜார்ஜ் ஹாரிஸன் 2001-ல் காலமானார். ஆனாலும் ரசிகர்களின் ஆசை அடங்கவில்லை. பழைய பாட்டுகளையே மறுபடியும் புதிதாகக் கலந்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இதென்ன அசட்டு ஆசை என்கிறீர்களா? 1963-ல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டை ஸ்டீரியோவில் கேட்டுப் பாருங்கள். குரலெல்லாம் ஒரு பக்கம், வாத்தியமெல்லாம் மறு பக்கம். அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு காதில் கருவியைச் செருகிக்கொண்டால், அக்காளுக்குப் பாட்டு. தங்கைக்கு வெறும் டிரம்மும் கிதாரும்! சண்டை வராமல் இருக்குமா? அந்நாளில் அநேகம் வீடுகளில் ஒற்றை ஒலிபெருக்கிதான். ஆகவே மோனோ கலவைக்குத்தான் மெனக்கெட்டார்கள். 1967-ல் 'ஸார்ஜென்ட் பெப்பர்' தட்டுக்கு நால்வரும் கூடவே இருந்து கவனித்தது அதைத்தான். ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமலே பிற்பாடு முடித்தார்கள்.

அந்தத் தட்டைத் தயாரித்தவர் ஜார்ஜ் மார்ட்டின். ஐம்பது ஆண்டு கழித்து, 2017-ல், அதைப் புதிதாகக் கலந்தவர் அவருடைய மகன் ஜைல்ஸ். தகப்பனார் கைப்பக்குவத்தில் பிள்ளை கை வைப்பதா என்று சிலருக்கு மனத்தாங்கல். தகப்பனாரே 1987-ல் 'ஹெல்ப்', 'ரப்பர் ஸோல்' இரண்டையும் குறுந்தட்டுக்காக மாற்றிக் கலந்தவர்தாம் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்!

'பெப்பர்' விஷயத்தில், ஒன்றாகச் சேர்ப்பதற்கு முந்திய நாடாக்கள் பத்திரமாக இருந்தன. 1966-ல் வந்த 'ரிவால்வர்' அப்படியல்ல. டிரம், பேஸ், கிதார் மூன்றையும் ஒரே தடத்தில் பதிந்த பாட்டுகள் அதில் உண்டு. கரைத்த புளிதான். இதைப் பிரிக்க வழி கண்டது, 'கெட் பேக்' படத்துக்காக நியூஸிலாந்தில் வேலை செய்த பீட்டர் ஜாக்ஸனின் குழு. இது டிரம், இது குரல் என்று கம்ப்யூட்டருக்குப் பழக்கிக் கொடுத்தார்கள். 2022-ல் 'ரிவால்வர்' புதுக் கலவையில் வந்தது. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்தது 'ரப்பர் ஸோல்' எங்கே என்று உடனே ஆரம்பித்துவிட்டார்கள்.

என் மனத்தைத் தொட்டது வேறொன்று. ஜான் தம் வீட்டில் பியானோ வாசித்துப் பாடிப் பதிந்த ஒரு காஸெட். அவர் போன பிறகு, 1994-ல், மனைவி யோகோ அதை பால் மக்கார்ட்னியிடம் கொடுத்தார். மறு வருஷம் மற்ற மூவரும் முயன்றார்கள். இரைச்சல் ஒரு பக்கம், குரலை அமுக்கும் பியானோ ஒரு பக்கம், கைவிட்டார்கள். பிற்பாடு அதே வித்தை ஜானின் குரலைத் தனியே பிரித்தெடுத்தது. 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' வெளிவந்தபோது, ஜார்ஜ் 1995-ல் வாசித்து வைத்த கிதாரும் அதில் இருந்தது. போனவர் இருவர், இருப்பவர் இருவர். நால்வரும் ஒரே பாட்டில்! இதை அசட்டு ஆசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் எனக்கு ஒரு பயம் உண்டு. சுத்தம் செய்கிறேன் என்று பாத்திரத்தின் ஈயத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும் கைகளை நாம் பார்த்ததில்லையா? 'பெப்பர்' தட்டின் கடைசிப் பாட்டு, பல பியானோக்களின் ஒரே முழக்கத்தில் மெல்ல மெல்ல அடங்குகிறது. ஓசை தேயும் சமயத்தில், யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலி லேசாகக் 'கிரீச்' என்கிறது. அந்த நாற்காலிக்கு யாரும் எண்ணெய் போட்டுவிடாமல் இருக்க வேண்டும்!